உன் வயதுள்ள என் நோய்

தம்பி,

உன் மனைவியைக் கிடத்தியிருந்த இடத்தில் வாய்க்கரிசி போட நான் கையை நீட்டியபோது, என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாய். "உயிரோட இருந்தப்ப விளக்கு எடுத்துக் குடுக்காத கை, இப்ப அரிசி போட வேணாம்" என்றாய். அவள் கம்பத்து ஆட்கள், அவள் பிறந்த ஊர்ச்சனம் எல்லாரும் கேட்டார்கள். அரிசியைத் தட்டிலேயே போட்டுவிட்டு வெளியே வந்து சாலை ஓரம் நின்றேன். நீ சொன்னது தப்பு என்று சொல்ல இதை எழுதவில்லை. உனக்குத் தெரிந்த அளவுக்கு நீ சொன்னது சரிதான். ஆனால் உனக்குத் தெரிந்தது பாதி. மீதிப் பாதி என்னிடமும் உன் நீலாவிடமும் இருந்தது. அவள் போய்விட்டாள், இப்போது என்னிடம் மட்டும் இருக்கிறது.

அடுத்த மாதம் அவளுக்கு வருஷத் திதி. என்னை வர வேண்டாம் என்று அடுத்த வீட்டு செல்லம்மாவிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். சரி, வரவில்லை. அதற்கு முன் இதைப் படித்துவிடு. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். நேரே சொல்லலாம் என்றால் எனக்கு வாய் வராது. ஒரு தாய் மகனிடம் பேசுகிற விஷயம் இல்லை இது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள், என் வயிற்றுக்குள் இருப்பதை உன்னிடம் எப்படிச் சொல்வது? படிக்கக் கூச்சமாக இருந்தால் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வா. எழுதுகிறபோது நானே மூன்று முறை எழுந்து போனேன். போன வாரம் பெரிய ஆஸ்பத்திரியில் என்னை ஒரு குழாய்க்குள் படுக்கவைத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு இனியும் மூடி வைப்பது பாவம் என்று தோன்றிவிட்டது.

எனக்குக் கர்ப்பப்பை இறக்கம். எங்கள் காலத்துப் பொம்பளைகள் "அடி இறங்கிடுச்சு" என்பார்கள், அதற்கு மேல் பேச மாட்டார்கள். உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்து நிற்கும். கையால் தள்ளினால் உள்ளே போகும், நடந்தால் திரும்ப வரும். உரசி உரசிப் புண்ணாகும், ரத்தம் கசியும். இவ்வளவுதான். ஒரு வரியில் எழுதிவிட்டேன் பார், இதற்கு ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

நீ பிறந்தது மலாயாவுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம். மலாக்கா காஜா பெராங்கில் இதே வீடுதான், அப்போது பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை. இரண்டு நாள் வலி. நல்ல கனத்த பிள்ளை நீ. தலை வெளியே வருவதற்குள் என் உயிர் போய்த் திரும்பியது. உனக்கு நாற்பது நாள் ஆகவில்லை, அதற்குள் பிரஜாவுரிமைப் பதிவு என்று ஊரெல்லாம் ஓடியது. நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், பிறந்ததற்கு ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. உன் அப்பா பயந்துவிட்டார். "இன்னிக்கு விட்டா அவ்ளோதான் புள்ள, கப்பல்ல ஏத்தி அனுப்பிடுவானுங்க, நான் இங்க, நீ அங்க" என்றார். பண்டார் ஹிலிர் பக்கம் ஓர் அலுவலகத்து வாசலில் விடியற்காலையில் போய் நின்றோம். உன்னைக் கையில் ஏந்திக்கொண்டு வெயில் சாயும் வரை நின்றேன். உட்கார்ந்தால் வரிசை போய்விடும். மதியத்துக்கு மேல் அடிவயிற்றில் ஏதோ நழுவியது. நான் காலை ஒட்டி வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். காகிதம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து குளியலறையில் பார்த்தால், கோழிமுட்டை அளவுக்கு என்னவோ வெளியே நிற்கிறது.

பிரசவம் பார்த்தவளிடம் காட்டினேன். "புள்ள பெத்தவளுக்கு உள்ளதுதான், வயித்துக் கட்ட இன்னும் இறுக்கிக் கட்டு" என்றாள். மூச்சு விட முடியாத அளவுக்கு இறுக்கினேன். மேலே இறுக்கினால் உள்ளே இருப்பது கீழேதான் போகும் என்று இப்போது டாக்டர் சொல்கிறார். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? உன் அப்பாவிடம் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் தனியாகப் படுத்தேன். தன்னைப் பிடிக்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். மனுஷன் சாகிற வரை அப்படித்தான் நினைத்திருப்பார். ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். நீ பிறந்ததால்தான் இது வந்தது என்று உன் மண்டைக்குள் ஏற்றிக்கொள்ளாதே. அப்படி நினைத்தாயானால் இந்த வயதிலும் உனக்கு அறை விழும்.

பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தயத்தில் நீ கோப்பை வாங்கிய அன்று நான் வரவில்லை. சாயங்காலம் கோப்பையை மேசையில் 'டொக்' என்று வைத்துவிட்டு, "எல்லா அம்மாவும் வந்தாங்க" என்றாய். அடுப்பு வேலை இருந்தது என்றேன். அடுப்பு வேலை இல்லை, தம்பி. அன்றைக்குப் புண்ணாகியிருந்தது, திடல் வரை நடக்க முடியவில்லை. இப்படி எத்தனையோ. பஸ்ஸில் குலுங்கினால் இறங்கும், தும்மினால் இறங்கும், அரிசி மூட்டையை நகர்த்தினால் இறங்கும். அதனால் நான் எங்கும் போவதில்லை. திமிர் பிடித்தவள் என்று ஊர் சொன்னது. சொல்லிவிட்டுப் போகட்டும், திமிர் என்றால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள் என்று விட்டுவிட்டேன்.

இனி உன் கல்யாணம். மலாக்கா செட்டிப் பெண்ணைக் கட்டப் போகிறேன் என்று நீ வந்து நின்றபோது நான் பேசியது எல்லாம் பேசியதுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். "சாமி நம்ம சாமி, சரி. பேச்சு பூரா மலாய். நாளைக்கு என் பேரப்புள்ள என்னை என்னன்னு கூப்பிடும்?" என்று கத்தினேன். மூன்று நாள் உனக்குச் சோறு போடாமல் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். பிறகு அவளைப் பார்த்தேன். புடவை கட்டத் தெரியாமல் கட்டிக்கொண்டு வந்து, யாரோ சொல்லிக்கொடுத்த "வணக்கம் அத்தை"யை ஒரே மூச்சில் சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் கோபம் அத்தோடு போயிற்று. போயிற்று என்று உன்னிடம் சொன்னேனா? சொல்லவில்லை. தோற்றுப்போனதாக ஆகிவிடுமே என்ற வீம்பு.

தாலி கட்டி முடித்து மருமகளை அழைத்து வந்தீர்கள். வாசலில் ஆரத்தி எடுத்து, விளக்கை அவள் கையில் கொடுத்து, சாமி அறைக்குக் கூட்டிப்போக வேண்டியவள் நான். உன் அப்பா உயிரோடு இருந்தார், நான் மஞ்சள் குங்குமத்தோடு இருந்தேன், வேறு யாருக்கு அந்த உரிமை? அன்று விடியற்காலையிலிருந்து எனக்கு ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. புதுப் பெண் கையில் தீட்டோடு விளக்கைக் கொடுத்தால் அவள் வாழ்க்கைக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று நடுங்கினேன். நோய்க்குப் பெயர் தீட்டு இல்லை என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. செல்லம்மாவைக் கூப்பிட்டு "நீ எடு" என்று சொல்லிவிட்டு அடுப்படி வாசலில் போய் நின்றுகொண்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது. "தமிழ் தெரியாத பொண்ணுன்னு வெளக்கக்கூட குடுக்கல பாரு" என்று உன் மாமனார் வீட்டில் ஒருத்தி மலாயில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. மறுக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டுமே. இரண்டு மாதத்தில் புக்கிட் காதிலில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாய். அதற்குப் பிறகு என் வீட்டுக்குள் நீ வந்தது உன் அப்பா செத்தபோது ஒரு முறைதான்.

ஆனால் அவள் வந்தாள். முதல் தடவை ஒரு வெள்ளிக்கிழமை, நீ சொல்லாமலே வந்தாள். குளியலறைக் கதவுக்கு அப்போது தாழ்ப்பாள் கிடையாது. நான் குந்தி உட்கார்ந்து அதை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன், கதவைத் திறந்துவிட்டாள். அலறவில்லை, ஓடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தி, முதுகைப் பிடித்துக்கொண்டாள். மலாயில் மெதுவாகக் கேட்டாள், எத்தனை நாளாக என்று. நான் அழுதேன். கல்யாணத்தன்று ஏன் விளக்கைத் தொடவில்லை என்பதையும் சொல்லிவிட்டேன். அவள் முகம் அப்படி மலர்ந்தது, தம்பி. அதுதானா, அதுதானா என்று இரண்டு தடவை கேட்டாள். இப்போதே போய் உன்னிடம் சொல்கிறேன் என்று எழுந்தாள்.

இங்கேதான் நான் செய்த பாவம். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சாமி முன்னால் நிறுத்தினேன். "உன் புருஷன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றேன். பெற்ற மகனுக்குத் தன் அம்மாவின் அந்த இடத்தைப் பற்றித் தெரிவதா? நாண்டுகொண்டு சாகலாம் என்று நினைத்தேன். அவள் வேண்டாம் மாக், வேண்டாம் மாக் என்று கெஞ்சினாள். அம்மாவுக்கு அவர்கள் பேச்சில் மாக், என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். சொன்னால் நான் கிணற்றில் விழுந்துவிடுவேன் என்றேன். இருபது வயதுப் பெண், பயந்துபோய்ச் சத்தியம் பண்ணினாள்.

அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷம். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்தாள். மெத்தென்ற பருத்தித் துணி வாங்கி வருவாள், மருந்து வாங்கி வருவாள், பெரிய தண்ணீர்த் தொட்டியை நிரப்பிவைத்துவிட்டுப் போவாள். என்னிடமிருந்து தமிழ் படித்துக்கொண்டாள், நான் திட்டுகிற வார்த்தைகள் உட்பட. நீ காரை முனையில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருப்பாய். ஒரு நாள் அவள் இறங்கும்போது, "மானம் இல்லையா உனக்கு? வேணாம்னு தள்ளுன வீட்டுக்கு எதுக்கு ஓடி ஓடிப் போற?" என்று நீ கேட்டது ஜன்னல் வழியே எனக்குக் கேட்டது. அவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "உங்க மகன் கத்தறது உங்க மாதிரியே இருக்கு மாக்" என்று சிரித்தாள். அவளுக்கு மானம் இல்லாமல் போகவில்லை. என் மானத்தைக் காக்கத் தன் மானத்தை விட்டுக்கொடுத்தாள். நீ அவளுக்காக என்னோடு சண்டை போட்டாய், அவள் எனக்காக உன்னிடம் ஏச்சு வாங்கினாள், நான் இரண்டையும் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு முறை கெஞ்சிக் கூத்தாடி என்னை ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் ஆம்பளை. இருமச் சொன்னார். நான் பல்லைக் கடித்து, அடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருமினேன். இறங்குவதை அவர் பார்த்துவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டேன்! வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் நோயை ஒளித்தவள் உன் அம்மா. "கொஞ்சம்தான், பரவாயில்லை" என்று அனுப்பிவிட்டார். "பாத்தியா, ஒண்ணும் இல்லையாம்" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன்.

நீலாவுக்குச் சிறுநீரகம் போனபோது நீ வேலைக்குப் போகிற நேரம் பார்த்து நான் வார்டுக்குப் போவேன். செல்லம்மாதான் கூட்டிப்போவாள். கடைசியாகப் பார்த்த அன்று நீலா என் விரலைப் பிடித்துக்கொண்டு, "மாக், இப்ப நான் அவர்கிட்ட சொல்லட்டா? அவருக்கு உங்க மேல ரொம்ப கோபம். நான் போய்ட்டா யாரு சொல்றது?" என்று கேட்டாள். சாகப் போகிறவள் அனுமதி கேட்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தீபாவளி கழியட்டும், பார்த்துக்கலாம்" என்றேன். சரி மாக் என்று கண்ணை மூடிக்கொண்டாள். தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டாள்.

அவள் போன பிறகு எனக்குச் சிறுநீர் சரியாக வராமல், வலி தாங்காமல் கீழே விழுந்தேன். செல்லம்மா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு தமிழ் டாக்டர், பெண் பிள்ளை, என்னைச் சோதித்துவிட்டு யோசித்தாள். "அம்மா, நீங்க சொல்றதுக்கும் நான் பாக்கறதுக்கும் ஒத்து வரல. நீங்க படுத்தா எல்லாம் உள்ள போயிடுது, என்னைப் பாத்ததும் இறுக்கிக்கிறீங்க. எம்ஆர்ஐ எடுக்கலாம். சும்மா படுத்திருக்கற படம் இல்ல, நீங்க முக்க முக்க உள்ளே எது எது எவ்ளோ இறங்குதுன்னு ஓடற படம்" என்றாள். எத்தனை வருஷமாக இருக்கிறது என்று கேட்டாள். "என் மகனுக்கு என்ன வயசோ அத்தனை வருஷம்" என்றேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டாள்.

உலோகம் ஆகாது என்று மூக்குத்தியைச் சோப்புப் போட்டுக் கழற்றினார்கள். பின்பக்கமாகக் குழாய் விட்டுக் கூழ் மாதிரி ஒன்றை ஏற்றினார்கள், குடல் படத்தில் தெரிவதற்காம். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முழங்காலுக்கு அடியில் தலையணை, இடுப்புக்கு அடியில் தடித்த துணி. நனைந்தால் நனையட்டும், வெட்கப்படாதீர்கள் என்றாள் படம் எடுக்கிற மலாய்ப் பெண். உள்ளே தள்ளினார்கள். இரும்புத் தகரத்தைச் சுத்தியலால் அடிக்கிற சத்தம். காதில் அவள் குரல் மலாயில் வருகிறது: உடம்பைத் தளர்த்துங்கள், இப்போது இறுக்குங்கள், இப்போது முக்குங்கள். இறுக்கச் சொன்னபோது பிரமாதமாக இறுக்கினேன், அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. முக்கச் சொன்னபோது உடம்பு கேட்கவில்லை. மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் முகத்தைத்தான் முக்கினேன், அடி அசையவில்லை. படத்தில் ஒன்றும் இறங்கவில்லையாம். "மாக்சிக், பிடித்து வைக்காதீர்கள், விடுங்கள். நீங்கள் பிடித்து வைத்தால் எங்களால் பார்க்க முடியாது" என்றாள், சின்னக் குழந்தையிடம் சொல்வது போல. வயசான பொம்பளைகளை அவர்கள் மாக்சிக் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்தக் குழாய்க்குள் கிடந்தபோது எனக்கு நீலா நினைவு வந்தது. அவளும் இதைத்தானே கேட்டாள், விட்டுவிடுங்கள் மாக் என்று? பாவி, அவளையும் சேர்த்து அல்லவா பிடித்து வைத்தேன்! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அசையக் கூடாது என்றிருந்தார்கள், நான் விம்மி விம்மி அழுதேன். அழுதுகொண்டே முக்கினேன். எல்லாம் இறங்கியது, கூழும் தண்ணீரும் சேர்ந்து துணியெல்லாம் நனைந்தது. "பாகுஸ், மாக்சிக், நல்லா செஞ்சீங்க" என்றாள் அந்தப் பெண்.

டாக்டர் அந்தப் படத்தை எனக்குக் காட்டினாள். கறுப்பு வெள்ளையில் என் உடம்பை நடுவாக வகுந்தது போல இருந்தது. முன்பக்க எலும்பிலிருந்து முதுகு வால் எலும்பு வரை ஒரு கோடு போட்டிருந்தாள். "எல்லாம் இந்தக் கோட்டுக்கு மேல நிக்கணும்மா. இப்ப பாருங்க" என்று ஓட விட்டாள். மூத்திரப்பை கோட்டைத் தாண்டிக் கீழே வருகிறது, பின்னாலேயே கர்ப்பப்பை, அதன் பின்னால் குடல். கர்ப்பப்பை மட்டும் என்றுதான் நான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், மூன்றுமே இறங்கியிருக்கிறது. ஆபரேஷன் செய்யலாம், எதை எங்கே கட்ட வேண்டும் என்று படம் காட்டிவிட்டது என்றாள். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வந்திருந்தாலே சரி பண்ணியிருக்கலாமா என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பவும் வைத்தியம் இருந்துச்சும்மா" என்று மட்டும் சொன்னாள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அரை நிமிஷம் ஓடுகிற படம். அதை டாக்டர் பார்த்தாள், மலாய்ப் பெண் பார்த்தாள், செல்லம்மா கூடப் பார்த்துவிட்டு "அடியாத்தீ" என்றாள். யாரும் என்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. இதற்காகவா உன் குடும்பத்தைப் பிரித்தேன்?

ஆபரேஷனுக்குச் சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். அதற்காக உன்னைக் கூப்பிடவில்லை, செல்லம்மா இருக்கிறாள். உன் மகள் கோலாலம்பூரில் மாசமாக இருக்கிறாளாமே. பிள்ளை பெற்ற பிறகு அவளிடம் கேள், உடம்பு எப்படி இருக்கிறது, கீழே ஏதாவது இறங்குகிற மாதிரி இருக்கிறதா என்று வாயைத் திறந்து கேள். அப்பா கேட்கக் கூடாது என்று உனக்கு யாராவது சொன்னால், உன் அம்மா கேட்கச் சொன்னாள் என்று சொல். அவள் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பாள், அவளுக்கு இதெல்லாம் தெரியும்.

என்னை மன்னிக்கச் சொல்லி எழுதவில்லை. நீ மன்னித்தாலும் அவளிடம் கேட்க வேண்டியது கேட்காமல்தான் போயிற்று. உன்னிடம் மறைத்தாளே என்று அவள் மேல் ஒரு நொடி கூடக் கோபப்படாதே. அவளுக்கு உன்னிடம் மறைக்கத் தெரியாது, நான்தான் மறைக்க வைத்தேன். செத்தவளோடு சத்தியமும் செத்துப்போகுமா, எனக்குத் தெரியாது. போகாது என்றுதான் பயமாக இருக்கிறது, அவள் அப்படிப்பட்டவள். அதனால் திதியன்று, ஐயர் போன பிறகு, அவள் படத்துக்கு முன்னால் கொஞ்சம் தனியாக உட்கார். மாக் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், இனி நீ பேசலாம் என்று அவளிடம் சொல்லிவிடு.

உன் அம்மா